மைக்கில் சொன்ன சம்பளம்

எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் காலை ஷிப்ட் முடித்து வந்து, சோற்றை வடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்காரர் வருவதற்குள் மீனைப் பொரித்துவிட முடியுமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. தாராவியில் எங்கள் சந்து முனையில் பள்ளிவாசல். அதன் ஒலிபெருக்கிகளில் ஒன்றை நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும், அந்த வாரம் வந்த நன்கொடைகளை ஜமாஅத்தின் செயலாளர் மைக்கில் வாசிப்பார்.

“பொம்பளப் பிள்ளைய ஓதுற மதரசா மேல்தளத்துக்காக, நம்ம தோல் பட்டறைக்காரர் மக, நம்ம டீச்சர் பெத்த பிள்ள, நரிமன் பாயின்ட்ல பெரிய கம்பெனியில சேந்து வாங்குன முதல் மாசச் சம்பளம், ஒரு பைசா எடுக்காம, முழுசா, மூவாயிரத்து இருநூறு ரூவா! அல்ஹம்துலில்லாஹ்!”

கையில் மசாலா தடவிய மீனோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருத்தி, “டீச்சர், கேட்டியளா? மூவாயிரத்து இருநூறாம்லா!” என்று கத்தினாள். நான் சிரித்தேன், அழவும் செய்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சந்தோஷத்தைக் கூட எனக்கு மிச்சம் வைக்காமல் பிடுங்கிக்கொண்டார்களே என்ற ஆத்திரம்தான் இதை எழுத வைக்கிறது.

என் மகள் சேர்ந்த வேலையை எங்கள் சந்தில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கன்சல்டன்ட். அதிலும் ஸ்ட்ராடஜி. பெரிய பெரிய கம்பெனிகள் அடுத்த ஐந்து வருஷம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று யோசித்துச் சொல்லும் வேலை. மேனேஜ்மென்ட் படிப்பை முடிக்கும் முன்பே கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்தார்கள். நேர்முகத்துக்கு முதல்நாள் அவள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டாள்.

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறேன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?”

கல்லூரியில் கேட்டாளாம். கம்பெனி வழக்கப்படி கொடுங்கள் என்று பணிவாகச் சொல், போதும் என்றார்களாம். முந்தின வருஷம் படித்து வேலைக்குப் போனவர்களைக் கேட்டாளாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பம்பாயில் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன்கூட ஊர், பேர் கேட்டதும் அடுத்தபடியாக “பகார் எவ்ளோ?” என்று கேட்டுவிடுவான். கேட்டவனுக்குச் சம்பளத்தைச் சொல்லிவிட்டுத் தாதரில் இறங்கிப் போய்க்கொண்டே இருப்போம். இவ்வளவு படித்தவர்கள் எதற்காக இப்படி மூடி மறைக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே புரியவில்லை.

வீட்டுக்காரர் தோல் பட்டறை வைத்திருக்கிறார். கைப்பை, பெல்ட், ஆபீசர்கள் கையிடுக்கில் வைத்துக்கொள்ளும் ஃபோலியோ. அவருக்கு எல்லாவற்றுக்கும் பீஸ் ரேட்தான் கணக்கு.

“ஒரு பைக்கு இன்ன கூலின்னு நான் சொல்லிருவேன். யோசனைக்கு என்ன ரேட்டு? அதை எப்பிடி எண்ணுவ?”

“நாள் கணக்கு வாப்பா. எங்களுக்காக கிளையன்ட் கிட்ட நாள் கணக்குல பில் போடுவாங்க.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவாவ?”

“தெரியாது. சொல்லமாட்டாங்க.”

“ஏட்டி, விக்கிற விலையும் தெரியாது, கூலியும் தெரியாதுன்னா ரெண்டு வருசம் என்னத்தப் படிச்ச?”

அவள் சிரித்துக்கொண்டே, நாலாயிரம் கேட்கப் போகிறேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் பாடம் நடத்திய பிறகு நான் வாங்குவது அதில் பாதிகூட இல்லை. “நாலாயிரமா? வெரட்டி விட்டுருவான்” என்றேன். “வெரட்டட்டும், கேட்டுப் பாக்கட்டும்” என்றார் அவர்.

கேட்டாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர் அந்தக் கம்பெனியின் பார்ட்னர். புன்னகையோடு சொன்னாராம்: “எங்களிடம் பேரம் கிடையாது. புதிதாகச் சேரும் எல்லோருக்கும் ஒரே தொகை, மூவாயிரத்து இருநூறு. ஆண், பெண் என்று நாங்கள் பார்ப்பதில்லை.” ஆண், பெண் என்று யார் அவரைக் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் பிள்ளைக்கு வேலை கிடைத்த அன்று எந்தத் தாய் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்? அவளுக்கு வேலை கிடைத்தால் முதல் சம்பளம் பள்ளிவாசலுக்கு என்று நேர்ச்சை வைத்திருந்தேன். மழைக்காலத்தில் மதரசா ஓடு ஒழுகி, பெண் பிள்ளைகள் மூலையில் ஒண்டிக்கொண்டு ஓதுவதைப் பார்த்து வைத்த நேர்ச்சை.

மறைத்துக் கொடுப்பதும் எங்கள் மார்க்கத்தில் உயர்ந்ததுதான். ஆனால் எங்கள் ஜமாஅத்தில் வாசித்தே தீரவேண்டும் என்று ஏற்பாடு. இல்லாவிட்டால் கமிட்டி தின்றுவிட்டது என்று பேச்சு வரும். பட்டறையிலும் அதே வழக்கம்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் எத்தனை பை தைத்தார்கள், ரேட் என்ன, கூலி என்ன என்று எல்லோர் முன்னாலும் வீட்டுக்காரர் உரக்க வாசிப்பார். எண்ணிக்கை தப்பு என்றால் அங்கேயே சண்டை, அங்கேயே தீர்வு. தொகையைச் சத்தமாகச் சொன்னால் அதில் யாரும் கைவைக்க முடியாது. இதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

அன்று ஜும்ஆவுக்கு வந்தவர்களில், மகளுடைய ஆபீசில் பியூனாக இருப்பவரும் ஒருவர்; வெள்ளிக்கிழமை அவருக்கு அரைநாள்தான் வேலை. பக்கத்துச் சந்துக்காரர், கடையநல்லூர்ப் பக்கம். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆபீசில் என் மகள் சேர்ந்ததிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. “நம்ம பிள்ள” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கம்பெனி வேலையாக வெள்ளிக்கிழமை வெளியூர் போயிருந்த மகள், திங்கட்கிழமை நேராக ஆபீசுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“உம்மா, மைக்ல என் சம்பளத்தைச் சொன்னாங்களா?”

“ஆமா. ஏன்?”

“எவ்வளவுன்னு சொன்னாங்களா?”

“சொல்லாம? நேர்ச்சை முழுசாக் குடுத்திருக்குன்னு தெரிய வேணாமா?”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பாய் காலையில் ஆபீஸ் பேன்ட்ரியில் டீ ஊற்றிக்கொண்டே, நம்ம பிள்ளை முதல் சம்பளம் மூவாயிரத்து இருநூறையும் அப்படியே பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னாராம். மத்தியானத்துக்குள் அது எல்லா மேசைக்கும் போய்விட்டது. நாலு மணிக்குப் பார்ட்னர் கூப்பிட்டு, சம்பளம் ரகசியம் என்று வேலை உத்தரவில் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டாராம். அப்புறம் சொன்னாராம்: “உன் அப்பாவை என்னை வந்து பார்க்கச் சொல்.”

என் ஆறாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடியை உடைக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்கிற வார்த்தை அது. முதல் வகுப்பில் தேறி, கோட்டுப் போட்டவர்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் பாய் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“டீச்சர், நான் பெருமைக்குத்தான் சொன்னேன். அல்லா மேல ஆணையா வேற ஒண்ணும் இல்ல.”

“உங்களைக் குத்தம் சொல்லல பாய். சொன்னதும் என்ன நடந்துச்சு? அதச் சொல்லுங்க.”

“நாலு பேரு இருந்தாவ. ஒருத்தரு டம்ளர வச்சுட்டுச் சிரிச்சாரு. இன்னொருத்தரு அவர முழங்கையால இடிச்சாரு.”

“எப்பிடிச் சிரிச்சாரு?”

“அது… இவ்வளவுதானான்னு கேக்குற மாதிரி.” தலையைச் சொறிந்தார். “ஒருத்தர் மட்டும் சிரிக்கல. நம்ம பிள்ளையோட ஒரே நாள்ல சேந்தாருல்லா, மாட்டுங்கா தம்பி, அவரு. டீயக் குடிக்காம அப்பிடியே வச்சுட்டுப் போயிட்டாரு.”

அந்தப் பையனை எனக்குக் கேள்வி ஞானத்தில் தெரியும். மகள் மாஹிமில் ஏறுவாள், அவன் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவான். சர்ச்கேட்டில் இறங்கி ஆபீஸ் வரைக்கும் இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே நடப்பார்களாம். ஒரே கல்லூரி இல்லை, ஆனால் ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மேசை, ஒரே வேலை. “அவன் எவ்வளவு வாங்குறான்?” என்று மகளைக் கேட்டேன். “கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னாங்களே” என்றாள். அன்றிலிருந்து அவன் சர்ச்கேட்டில் கூட்டத்தோடு முன்னால் வேகமாகப் போய்விடுகிறானாம். அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறானாம்.

சம்பளம் குறைவாக இருப்பதல்ல, அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவன் எதற்காகச் சிரிப்பான்? தனக்கும் அதே தொகை என்றால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் வாரத்தில் இரண்டு நாள் பாண்டுப்பில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே யாருக்கு என்ன கூலி கொடுத்தால் கம்பெனிக்கு லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வேலை. அந்தத் தொழிற்சாலை கேட்டிலேயே எந்த மெஷினுக்கு என்ன கூலி என்று யூனியன்காரர்கள் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். ஆயிரம் பேருடைய கூலியை என் மகள் நாள் பூராவும் அலசிக்கொண்டிருந்தாள். தன்னுடைய கூலியைத் தன் வாயால் சொல்லக் கூடாது.

வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போக மறுத்துவிட்டார். பயம் என்று சொல்லமாட்டேன். “அந்தாளு இங்கிலீஷ்ல பேசுவான், நான் தலையாட்டிட்டு வருவேன். அது பிள்ளைக்கு இன்னும் கேவலம். நீ போ ஏட்டி” என்றார். புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ரயிலேறினேன். சர்ச்கேட் வரைக்கும் பேசவேண்டிய இங்கிலீஷை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்.

பார்ட்னர் மரியாதைக்காரர். அதை மறைக்கமாட்டேன். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், பீங்கான் கோப்பையில் டீ வரவழைத்தார். கொண்டுவந்த பாய் என்னைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனார். அங்கே பேசியது இங்கிலீஷில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“மேடம், உங்கள் மகள் கெட்டிக்காரி. எங்களுக்குப் பெருமை. ஆனால் சம்பளம் என்பது ஒருவருடைய அந்தரங்கம். உங்கள் சம்பளத்தைத் தெருவில் சொல்வீர்களா?”

“என் சம்பளத்தை அரசாங்கம் அச்சடித்தே வைத்திருக்கிறது. என் பள்ளிக்கூடத்து ஆயாவுக்கும் தெரியும். அவர் சம்பளம் எனக்கும் தெரியும்.”

“அது அரசாங்கம். இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம்.”

“புதிதாகச் சேரும் எல்லோருக்கும் ஒரே தொகை என்று என் மகளிடம் சொன்னீர்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், அவள் தொகை வெளியே வந்ததால் யாருடைய ரகசியம் கெட்டுப் போயிற்று?”

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

“அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான். மற்றவை ஆளுக்கு ஆள் மாறும். உதாரணமாக வீட்டு வாடகைப் படி. உங்கள் மகள் உங்களோடு இருக்கிறாள், வாடகை கிடையாது. அதுவும்…”

அதோடு நிறுத்திக்கொண்டார். நான் முப்பது வருஷமாகத் தாராவியில் இருக்கிறேன். ‘அதுவும்’ என்று தொடங்கி மரியாதைக்காக விழுங்கப்படுகிற வாக்கியங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். முகவரி சொன்னதும் வங்கியில், ஆஸ்பத்திரியில், பிள்ளையைச் சேர்க்கப் போன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். வாடகை கொடுக்காத ஊரா தாராவி? கோலி என்கிற எங்கள் இரண்டு அறைக்கும் மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறோம், குடிவந்தபோதே பகடி என்று மொத்தமாக ஒரு தொகையும் கொடுத்திருக்கிறோம். அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

“மற்றவர்களுக்கு எவ்வளவு?” என்று கேட்டேன்.

“அது ரகசியம், மேடம்.”

பிறகு தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். யாரையும் தண்டிக்க அவருக்கு விருப்பமில்லையாம். ஆபீசில் பேச்சு அடங்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மைக்கில் ஒரு திருத்தம் சொல்லச் சொல்லுங்கள்: அது மகள் சம்பளம் அல்ல, குடும்பமே சேர்ந்து கொடுத்த நன்கொடை என்று. பியூன் கேட்டுவிட்டு வந்து இங்கே சொன்னால் எல்லாம் தானாக ஓய்ந்துவிடும். “உங்கள் மகள் இன்னும் புரொபேஷனில் இருக்கிறாள். அவளைப் பற்றி நான் எதுவும் எழுத வேண்டிய அவசியம் வரக் கூடாது என்று விரும்புகிறேன்.”

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். மிரட்டினால் திருப்பிக் கத்தலாம். டீ கொடுத்து, மேடம் என்று கூப்பிட்டு, பள்ளிவாசல் மைக்கில் ஒரு பொய்யைச் சொல்லச் சொல்கிறவரை என்ன செய்வது?

வியாழக்கிழமை சாயங்காலம் ஜமாஅத் செயலாளர் பட்டறைக்கு வந்தார். தோல் வியாபாரி, வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

“பிள்ள வேலதான் முக்கியம். ‘போன வாரம் வாசிச்சது குடும்பத்தார் எல்லாரும் சேந்து குடுத்தது’ன்னு சொல்லிருதேன். அரை நிமிசம். எவன் கவனிக்கப் போறான்?”

“அது பொய்யில்லையா?” என்றேன்.

“பொய்தான் டீச்சர். யாரு இல்லன்னா? நரிமன் பாயின்ட்ல அவன் சொல்லிக்கிட்டிருக்க பொய்க்கு முன்னால இது கொசு.”

வீட்டுக்காரர் தோலை வெட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தார். “நாளைக்கு நீரு இதச் சொல்லும். நாளான்னிக்கு நான் பட்டறையில கூலி வாசிக்கணும். எவனாவது ஒருத்தன், ‘சேட், இது நெசக் கணக்கா, இல்ல உம்ம மக சம்பளக் கணக்கா’ன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?”

“அப்பம் வேலைய விடச் சொல்லுதீரா?”

வீட்டுக்காரர் மறுபடி கத்தியை எடுத்துத் தோலை வெட்ட ஆரம்பித்தார். வேலை வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. இந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவர நாங்கள் என்ன பட்டோம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகளே முடிவு சொன்னாள்.

“பஸ் உம்மா, போதும். சொல்லிரட்டும். இந்த வேலையில ரெண்டு வருஷம் இருந்தாத்தான் அடுத்தவன் என்னை மதிப்பான். இப்ப வெளியே அனுப்பினாங்கன்னா, ஏன் அனுப்பினாங்கன்னு போற இடமெல்லாம் கேப்பாங்க. என்ன சொல்வேன்? பள்ளிவாசல்ல என் பகாரைச் சொல்லிட்டாங்கன்னா?”

“சிரிச்சானே, அது உனக்கு உறைக்கலையா?”

“உறைக்குது. ஆனா ப்ரூஃப் இல்லையே. சிரிப்பை வச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் போய்க் கேக்க?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்கள். நாலாயிரம் என்று தைரியமாகச் சொன்ன பெண் அவள். ஒரே மாதத்தில், வேலை இருந்தால் போதும் என்று சொல்கிற இடத்துக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு ஒரு கெட்ட வார்த்தைகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும், சரி, சொல்லட்டும் என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். அவளும் உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வீட்டுக்காரர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிவாசலுக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார். சீக்கிரம் போனால் செயலாளர் மறுபடி ஒருமுறை கேட்பார், என்ன சொல்ல என்று நிற்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பாங்கு சொல்லும் மோதினார் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் மட்டும் கேட்காமலா போகும்?

அப்போது சந்தில் பாயின் குரல் கேட்டது. “தல பத்திரம், தம்பி. கம்பி தொங்குது, குனிஞ்சு வாங்க.”

பாய்க்குப் பின்னால் ஓர் இளைஞன். ஆபீஸ் சட்டை, டை, பளபளப்பான ஷூவில் எங்கள் சந்துச் சேறு. வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஆபீசிலிருந்து பாதி வேலையில் எழுந்து பாயோடு வந்துவிட்டான் என்பது பார்த்ததும் தெரிந்தது. மகள் எழுந்து உட்கார்ந்து துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டாள். “ஏய், நீ எங்கே இங்கே?” என்றாள். மாட்டுங்கா பையன் அவன்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தான். எனக்கு அவன் மேலும் கோபம்தான். “நாலு நாளா எங்கப்பா போயிருந்தீங்க? எம்பிள்ளையப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனீங்களாமே?” என்று கேட்டேன்.

“போனேன், மாமி.” தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். “பயமா இருந்தது. அப்பாட்ட சொன்னேன், நமக்கெதுக்குடா, வாயை மூடிண்டிருன்னார். இன்னிக்கு உங்க பள்ளிவாசல்ல ஏதோ திருத்தம் சொல்லப் போறான்னு நேத்து ஆபீஸ்ல எல்லாரும் பேசிண்டா. அதைக் கேட்டப்புறம் ராத்திரி சாப்பிட முடியலை.”

வாசலில் நின்ற வீட்டுக்காரர் உள்ளே திரும்பினார். அவன் அவரைப் பார்த்தும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. என் மகளைப் பார்த்துச் சொன்னான். பட்டறையில் சனிக்கிழமை கூலி வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னான்.

“எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு. சிரிச்சானே, அவனும் புதுசா சேந்தவன்தான், அவனுக்கும் அதேதான். அதுல வீட்டு வாடகைப் படியும் சேத்தி. நானும் அப்பா அம்மாவோடதான் இருக்கேன், அப்பா வாங்கின ஃபிளாட்ல, வாடகையே கிடையாது. திங்கட்கிழமை பார்ட்னர் ரூம்ல வந்து, உன் பக்கத்துல நின்னுண்டு இதையே சொல்றேன். மாமி, உங்க செயலாளர் இன்னிக்குத் திருத்தம்னு ஏதாவது சொல்லியே ஆகணும்னா, இதைச் சொல்லச் சொல்லுங்கோ.”